கொல்லைப்புறத்து உயிர்களை வரைந்த மா. கிருஷ்ணன்

பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்குள் போகிறவர்கள், மரங்களுக்கு நடுவே உயரமான கம்பங்களின் மேல் மரப்பெட்டிகள் பொருத்தப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். பட்டணத்திலிருந்து வருகிறவர் அதைப் புறாக்கூடு என்று நினைக்கக்கூடும். தோட்டத்து மக்களுக்குத் தெரியும், அது ஆந்தைக்காகத் தோட்ட நிர்வாகம் கட்டிக் கொடுத்த வீடு. செம்பனைப் பழத்தைக் கொறித்தும் இளங்கன்றுகளின் குருத்தைக் கடித்தும் நட்டம் விளைவிக்கும் எலிகளை இரவெல்லாம் பிடித்துத் தின்பதுதான் அந்தப் பறவையின் வேலை. ஒரு சோடியும் அதன் குஞ்சுகளும் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் எலிகளைத் தின்று தீர்க்கும். சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது.

ஆனால் அதே பறவை லயன் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து ஒரு குரல் கொடுத்துவிட்டால் கதை வேறு. யாருக்கோ நேரம் நெருங்கிவிட்டது என்று பேச்சு கிளம்பும். கல்லெடுத்து விரட்ட ஆள் வரும். மலாய்க்காரர்களும் அதைப் 'பூருங் ஹந்து' என்றே அழைக்கிறார்கள். பொருள், பேய்ப்பறவை. தோட்டக் கணக்கில் அது காவலாளி, வீட்டு வாசலில் அது சகுனம். இரண்டு இடத்திலும் அதன் முகத்தை நின்று பார்த்தவர்கள் குறைவு.

நின்று பார்ப்பதையும் பார்த்ததை வரைவதையும் வாழ்நாள் வேலையாகக் கொண்ட தமிழர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் மா. கிருஷ்ணன். இயற்கை ஆர்வலர் வட்டத்துக்கு வெளியே இந்நாட்டுத் தமிழர்களிடையே அதிகம் அறியப்படாத பெயர். புகைப்படக் கலைஞர், கட்டுரையாளர், காட்டுயிர் ஆய்வாளர் என்று பலவாறு அவரை அறிமுகம் செய்வார்கள். அவற்றுக்கெல்லாம் முன்பே அவர் பேனாவும் மையும் கொண்டு விலங்குகளையும் பறவைகளையும் வரைந்தவர். யானையையும் காட்டெருதையும் போற்றிய அதே கையால் வீட்டுக் கொல்லைப்புறத்து உயிர்களையும் காட்டினார். 1961-இல் வந்த அவருடைய ஆங்கில நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'காடும் கொல்லைப்புறமும்'. அவருடைய உலகம் முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும்.

கிருஷ்ணன் 1912 ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு அவருடைய தந்தையைத் தெரியாமல் இருக்காது: 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதிய அ. மாதவையா. 1925-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்த மாதவையா அங்கேயே உயிர்விட்டார். கடைசி மகனுக்கு அப்போது வயது 13.

மயிலாப்பூரில் வளர்ந்த கிருஷ்ணன் 1927-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பைசன் என்ற ஆங்கிலேயர். நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். மாணவர் கிருஷ்ணனும் அவருடன் மலைகளுக்குப் போனார். பேராசிரியரின் மனைவி டயானா ரூத் பைசன் கணவரின் நூலுக்குத் தாவரப் படங்கள் வரைந்தவர். கிருஷ்ணனுக்கு நீர்வண்ண ஓவியம் கற்றுக் கொடுத்தவர் அவர்தான்.

இந்த இடத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அறிவியல் நூலுக்கு வரைகிற ஓவியருக்கு மனம்போன போக்கில் அழகுபடுத்த உரிமை இல்லை. இலையில் எத்தனை நரம்போ அத்தனைதான் வர வேண்டும். பூவின் இதழ் மடிந்திருந்தால் மடிந்தபடியே காட்ட வேண்டும். அப்படிப்பட்ட கையிடம் பாடம் கேட்டவர் பின்னாளில் விலங்குகளை வரைந்தபோது, அவற்றுக்கு மனிதச் சிரிப்பையோ மனிதக் கண்ணீரையோ ஒட்டவில்லை. அந்த விலங்கு எப்படி நிற்குமோ அப்படியே நின்றது.

பட்டம் பெற்றார், தாவரவியலில் முதுகலை முடித்தார், சட்டமும் படித்தார். நிலையான வேலை மட்டும் அமையவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதியும் படம் வரைந்தும் காலம் தள்ளினார். 1942-இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று அங்கே பல நாற்காலிகளில் உட்கார்ந்தார். மனம் என்னவோ நாற்காலியில் இல்லை. சுற்றியிருந்த புதர்க்காடுகளில் அலைந்தார், புறா வளர்த்தார், ஆடு மேய்த்தும் பார்த்தார். 1949-இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்ததும் சென்னைக்குத் திரும்பினார். அதன் பிறகு சாகும்வரை யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. எழுத்தும் படமும்தான் சோறு போட்டன. குடும்பத்தை வைத்துக்கொண்டு இப்படி ஒரு முடிவெடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது மாதச் சம்பளக்காரர்களுக்கு நன்றாகவே புரியும்.

1950-இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளேட்டில் அவர் ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். 'நாட்டுப்புறக் குறிப்பேடு' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 1996 பிப்ரவரி 18-ஆம் நாள் இறக்கும்வரை, 46 ஆண்டுகள் அந்தப் பத்தி தொடர்ந்தது. கட்டுரைக்கான படங்களையும் அவரே வரைந்தார். நாளிதழ்த் தாள் முரடானது. மெல்லிய வண்ணங்கள் அதில் நிற்காது. அழுத்தமான கறுப்புக் கோடு நிற்கும். கால் மடங்கும் இடம், கழுத்துத் திரும்பும் கோணம், வால் தொங்கும் விதம் ஆகியவற்றை நாலைந்து கோடுகளில் பிடித்துவிட வேண்டும். பிடித்துவிட்டால் எந்த விலங்கு என்று சொல்லப் பெயர்கூடத் தேவைப்படாது.

தமிழிலும் எழுதினார். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகளைப் பற்றிக் கட்டுரைகள் கொடுத்தார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார். அவருடைய தமிழ் இயற்கைக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் நூலாக்கினார். காட்டுயிர் என்றாலே ஆங்கிலத்தில்தான் எழுத முடியும் என்று நினைப்பவர்கள் அந்த நூலைப் புரட்டிப் பார்க்கலாம்.

விருதுகளும் வந்தன. 1968-இல் ஜவஹர்லால் நேரு ஆய்வு நிதி கிடைத்து, தென்னிந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிக் களஆய்வு செய்தார். 1970-இல் பத்மஸ்ரீ. 1973-இல் இந்தியாவில் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிநடத்தும் குழுவிலும் இடம்பெற்றார். சென்னை இயற்கையாளர் சங்கம் அவர் பெயரில் இயற்கை எழுத்துக்கான பரிசு ஒன்றை வழங்குகிறது.

விலங்குகளை வரைந்து மக்கள் மனத்தை இளக்கியதில் உலகப் புகழ் பெற்றவர் என்றால் அது கிருஷ்ணன் அல்லர். இங்கிலாந்தின் எட்வின் லேண்ட்சீர் (1802–1873). இலண்டனுக்குப் போன நம்மவர்கள் அவர் கைவேலையை அறியாமலே அதன் முன் நின்று படம் எடுத்திருப்பார்கள். டிரபால்கர் சதுக்கத்தில் படுத்திருக்கும் நான்கு வெண்கலச் சிங்கங்களும் அவர் வடித்தவை. 1867-இல் அங்கு வைக்கப்பட்டன. 1837-இல் அவர் தீட்டிய ஓர் ஓவியத்தில், இறந்துபோன கிழட்டு இடையரின் சவப்பெட்டிமேல் அவருடைய நாய் தலை சாய்த்திருக்கும். அறையில் வேறு யாரும் இல்லை. இன்னொன்றில், கடலில் விழுந்தவர்களைக் காப்பாற்றும் பெரிய நாய் கரையோரக் கல்லில் அமர்ந்திருக்கும். அதற்கு அவர் இட்ட தலைப்பு, உயிர்காப்புச் சங்கத்தின் 'மதிப்புமிகு உறுப்பினர்'. இந்தப் படங்கள் அச்சுப் பிரதிகளாக வீடு வீடாகச் சென்றன.

அதே காலத்தில்தான் இங்கிலாந்தில் விலங்குவதைக்கு எதிரான குரலும் வலுத்தது. மாடுகளையும் குதிரைகளையும் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1822-இல் வந்தது. 1824-இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. அதற்கும் முன்னால், 1751-இல், வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் நான்கு படங்களை வெளியிட்டிருந்தார். தெருவில் நாயை வதைக்கும் சிறுவன் வளர்ந்து கொலைகாரனாகி, தூக்குமேடை ஏறுவதுதான் கதை. ஏழைகளும் வாங்க வேண்டும் என்று அவற்றை மலிவாக அச்சிட்டார்.

லேண்ட்சீரின் கதையில் ஒரு முரண் உண்டு. நாயின் துயரத்தை அவ்வளவு உருக்கமாகத் தீட்டியவர், ஸ்காட்லாந்து மலைகளில் மான் வேட்டையை விரும்பிச் செய்தவர். 1848-இல் குண்டடிபட்டு இறந்து கிடக்கும் பெண் மானையும், பனியில் அதன் மடியைத் தேடும் குட்டியையும் அவர்தான் வரைந்தார். குற்ற உணர்வா, வெறும் ஓவியக் கண்ணா என்று இன்றும் விவாதிக்கலாம். ஆனால் அவருடைய நாய்கள் நம்மை அழவைப்பது அவை மனிதர்களைப் போல இருப்பதால்தான். மனிதரைப் போல் இல்லாத விலங்குக்கு என்ன வழி? எலிக்கோ, பல்லிக்கோ, கூரைமேல் உட்கார்ந்த கூகைக்கோ யார் அழுவார்கள்?

கிருஷ்ணனின் கோடுகள் பயன்படுவது அங்கேதான். அவர் வாசகரை அழவைக்க முயலவில்லை. இது இன்ன உயிர், இப்படி வாழ்கிறது, உனக்கு முன்பே இந்த மண்ணில் இருக்கிறது என்று காட்டினார். ஒரு நாட்டின் அடையாளம் அதன் மக்களிலும் கோயில்களிலும் மட்டும் இல்லை, அதன் செடிகொடிகளிலும் விலங்குகளிலும்தான் இருக்கிறது என்பது அவருடைய உறுதியான கருத்து. அதனாலேயே வெளிநாட்டு அலங்கார மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். நம் வட்டாரத்தில் அவர் வந்து நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! இரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது, செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தொடங்கியது இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில். மரமும் வந்தேறி, அதைப் பராமரித்த நம் முன்னோரும் கடல் கடந்து வந்தவர்கள். இங்கே முன்பே இருந்தவை விலங்குகளும் பறவைகளும்தான்.

அவற்றில் ஒன்றைப் பார்க்கத்தான் விடுமுறை நாள்களில் புக்கிட் மெலாவாத்திக்குக் கூட்டம் வருகிறது. கோலசிலாங்கூர்க் கலங்கரை விளக்கத்தைச் சுற்றியுள்ள மரங்களில் வாழும் லோத்தோங் குரங்குகளைத் தெரியாதவர் இல்லை. உடல் சாம்பல் நிறம், முகம் கறுப்பு, தலையில் கூம்பிய முடி, உடம்பைவிட நீண்ட வால். பிறந்த குட்டி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சில மாதங்களில் அந்த நிறம் மாறிவிடும். குட்டியைத் தாய் மட்டுமன்றிக் கூட்டத்தின் மற்றப் பெண் குரங்குகளும் மாறி மாறித் தூக்கி வைத்துக்கொள்ளும். இந்த இனத்தின் அறிவியல் பெயரிலேயே சிலாங்கூர் இருக்கிறது.

அதே குன்றில் கெரா எனப்படும் நீள்வால் குரங்கும் உண்டு. பையைப் பறிப்பதும் பல்லைக் காட்டுவதும் பெரும்பாலும் அதுதான். பெயர் கெடுவது இரண்டுக்கும். பிள்ளைகளைக் கேட்டால் இரண்டுமே 'குரங்கு'. ஆனால் தமிழ் அப்படிச் சொல்லவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்று பிரித்தே பேசுகிறது. பெண்ணுக்கு மந்தி, ஆணுக்குக் கடுவன் என்ற பெயர்களும் தமிழில் உண்டு. மரத்தில் வாழும் குரங்கின் குட்டியை மகவு, பிள்ளை என்று சொல்லவும் அந்த நூல் இடம் தருகிறது. முசு என்பது நீண்ட வாலும் கறுத்த முகமும் கொண்ட, இலை தின்னும் குரங்கு. நம் லோத்தோங்கும் அந்த வகைதான். கூரைமேல் உட்காரும் அந்த ஆந்தைக்கும் கூகை என்று தனிப் பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்த உயிரின்மேல் கல்லெறிவது கொஞ்சம் கடினம்.

முசுவின் வயிறு இலைக்காக அமைந்தது. மாட்டின் வயிற்றைப் போலவே பல அறைகள் கொண்டது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைத்துத்தான் அது செரிக்கிறது. ரொட்டியும் இனிப்பும் அந்த வயிற்றைக் கெடுக்கும். அன்பால்தான் கொடுக்கிறோம் என்று சுற்றுலாப் பயணிகள் சொல்வது உண்மைதான், பாசத்தில் குறையில்லை. எதிரே இருப்பது என்ன உயிர் என்ற கவனத்தில்தான் குறை. தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கு சாலைக்கு இறங்கும், வாகனத்தில் அடிபடும். ஒரு பிள்ளை கையில் நீள அவரைக்குப் பதில் பென்சிலும் தாளும் கொடுத்துப் பதினைந்து நிமிடம் அந்த மரத்தடியில் உட்கார வைத்தால், கெரா எது, லோத்தோங் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. வால் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பார்த்தால்தானே வரைய முடியும்!

தோட்டப்புற மக்களுக்கு விலங்கோடு வாழத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. லயன் வீட்டுப் பின்புறம் மாட்டுக் கொட்டகை, கோழிக்கூடு, வாசலில் ஒரு நாட்டு நாய். இதுதான் வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்த ஒரு தலைமுறையின் பால்யம். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் பூசியவர்கள் இவர்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறியபோது மாட்டை விற்க முடிந்தது. நாயை என்ன செய்வது? நான்காவது மாடியில் நாய்க்கு அனுமதி இல்லை. காலியான லயன் வாசலில் லோரி போன திசையைப் பார்த்தபடி நின்ற நாய்களைப் பற்றி, அப்படி இடம் மாறிய பலரும் இன்றும் குரல் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அந்த மக்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்களே இடம் பெயர்க்கப்பட்டவர்கள். லேண்ட்சீர் அந்தக் காட்சியை வரைந்திருந்தால் உலகமே அழுதிருக்கும். வரைய ஆள் இல்லாததால் அது அந்தந்தக் குடும்பத்தின் மனத்தோடு நின்றுவிட்டது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது. கிருஷ்ணன் வாழ்ந்த அதே சென்னையில், நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து விலங்குவதைக்கு எதிரான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் விளைவாக 1960-இல் இந்தியாவில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. மலேசியாவில் 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்தது. விலங்கைக் கொடுமைப்படுத்தியதாக நிரூபிக்கப்பட்டால் 20,000 ரிங்கிட் முதல் 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அடித்தவனைத் தண்டிக்க அது உதவும். வேண்டுமென்றே வதைப்பது வேறு, அறியாமல் கெடுப்பது வேறு. எலிக்கு வைத்த நஞ்சைத் தின்ற எலியைக் கூகை தின்று சாகிறது. ரொட்டி போட்டவர் லோத்தோங்கின் வயிற்றைக் கெடுக்கிறார். இவற்றுக்கெல்லாம் வழக்குப் போட முடியாது.

கிருஷ்ணனின் ஆங்கிலக் கட்டுரைகளை வரலாற்று ஆசிரியர் ராமச்சந்திர குஹா தொகுத்திருக்கிறார். அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், குறிப்பாக யானைப் படங்கள், 2006-இல் தனி நூலாக வந்தன. தமிழில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு 'மழைக்காலமும் குயிலோசையும்' போதும். படித்துவிட்டு மெலாவாத்தி ஏறுகிறவர்கள் மாலை வெயில் தாழ்ந்த பிறகு போவது நல்லது. அப்போதுதான் முசுக் கூட்டம் கீழ்க்கிளைகளுக்கு இறங்கும்; அதிர்ஷ்டம் இருந்தால் ஆரஞ்சு நிறக் குட்டி ஒன்றும் கண்ணில் படும்.